ஆல்ப்ஸ் மலை இறக்கத்தில் காரின் பிரேக் ஏன் தளர்கிறது?

ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்குக் காரில் செல்வோர், ஆல்ப்ஸ் இறக்கத்தில் பிரேக் கைவிட்டுவிடுமோ என்று கவலைப்படுவதுண்டு. தொடர்ந்து மிதிப்பதால் பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிப்பை இழப்பதே பிரேக் தளர்ச்சி.

வண்டியின் ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாயிலிருந்து, 48 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பிராட்டோவுக்கு இறங்கும் கார் சுமார் 1,800 மீட்டர் கீழே வருகிறது. 1,500 கிலோ எடையுள்ள காரானால், அதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சிறிய பிரேக் தட்டுகளே தாங்க நேர்ந்தால், பிரேக் கட்டைகள் வழுக்கத் தொடங்கும். மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயிலும் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே அமுங்கும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் வெறும் 155. ஆகவே, என்னைக் கேட்டால், டயரைப் பார்ப்பதற்கு முன்பே ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை உள்ளங்கையில் வழுக்கவிட்டால் தோல் எரியும். கயிற்றை ஒரு கட்டையில் சுற்றி விட்டால் பாரத்தைக் கட்டை வாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வைக்கும் இரண்டாம் கியர் அந்தக் கட்டைதான்.

குறைந்த கியரில் இறங்கினால் பெட்ரோல் வீணாகும் என்று பலர் நியூட்ரலில் விடுகிறார்கள். உண்மையில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றன.