காத்லீன் லின்: வேலை கொடுக்கும் அதிகாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 டப்ளின் எழுச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் ‘நகர மண்டபத்தில் காயம்பட்டவர்களைக் கவனித்தவர் டாக்டர் காத்லீன் லின்’ என்று ஒரே ஒரு வரி வருகிறது. ஆர்வத்தில் தேடிப் படித்தேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர், சிறைக்குப் போனவர், 1923 தேர்தலில் ஜெயித்தும் சபைக்குள் கால் வைக்காதவர். இவ்வளவும் செய்தவர் பச்சிளங்குழந்தைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்து, டாக்டர்களாகப் பெண்களையே வைத்து, கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். இன்றைக்கும் பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டு, குழந்தை வார்டு என்று தள்ளிவிடுவதைப் பார்க்கிறேன். லின்னும் அந்த மூலைக்குத்தானே போனார்? வாக்குரிமைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? அவரை அயர்லாந்தின் முத்துலட்சுமி ரெட்டி என்று சொல்லலாமா?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

சம்பந்தம் மிக நேரடியானது. அதைப் பார்க்க, அன்றைய அயர்லாந்தில் ஒரு பெண் டாக்டருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்று முதலில் தெரியவேண்டும். பரீட்சைக் கதவு மூடியிருந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சீக்கிரமே திறந்துவிட்டது.

1858ஆம் வருட பிரிட்டிஷ் சட்டப்படி, மருத்துவப் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் டாக்டர். பேர் ஏறவேண்டுமென்றால் 19 அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் பரீட்சையில் தேறவேண்டும். 1870களின் தொடக்கத்தில் அவை எல்லாமே பெண்களைத் தட்டிக் கழித்தன. 1876இல் வந்த சட்டம் ‘பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம்’ என்றது, ‘சேர்த்தே ஆகவேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ‘லாம்’ என்பதை முதலில் பயன்படுத்தியது லண்டன் அல்ல, டப்ளினில் இருந்த மருத்துவர் கல்லூரி. 1877 ஜனவரியில் எலைசா வாக்கர் டன்பார் அங்கே தேறினார். எடின்பரோவில் விரட்டப்பட்ட சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் எடித் பீச்சியும் அதே வருடம் டப்ளின் வழியாகவே பதிவேட்டில் ஏறினார்கள். பீச்சிதான் பின்னாளில் பம்பாய் வந்து காமா மருத்துவமனையை நடத்தியவர். 1885இல் அயர்லாந்தின் அறுவை மருத்துவர் கல்லூரியும் பெண்களுக்குத் திறந்தது. 1893இல் எமிலி வினிஃப்ரெட் டிக்சன் அதன் ஃபெல்லோ (உயர்நிலை உறுப்பினர்) ஆனார், அயர்லாந்து, பிரிட்டன் இரண்டிலும் முதல் பெண்.

ஆக, 1874இல் மேயோ மாவட்டத்தில் ஒரு புராட்டஸ்டன்ட் பாதிரியாருக்கு மகளாகப் பிறந்த லின், சிசிலியா தெருவில் இருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் படித்து 1899இல் பட்டம் வாங்கியபோது யாரும் வாசலை மறிக்கவில்லை. மறித்தது அடுத்த படியில்.

நீங்கள் செவிலியர், ஹவுஸ் சர்ஜன் காலம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு வரும் கேஸ், தையல், கட்டு, சிக்கலான பிரசவம், மறுநாள் பிரேதப் பரிசோதனையில் நம் கணிப்பு சரியா தப்பா என்று பார்ப்பது எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தால்தான் கிடைக்கும். டப்ளின் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் நன்கொடையில் நடந்தவை. அந்த இடங்களுக்கு யாரைப் போடுவது என்பதை நிர்வாகக் குழுவும் மூத்த டாக்டர்களும் முடிவு செய்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அடிலெய்ட் ஆஸ்பத்திரியில் லின் உறைவிட மருத்துவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அங்கே அந்த இடத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான். உள்ளே எதிர்ப்பு கிளம்பியது. அந்த வேலையில் அவரால் சேரவே முடியவில்லை. பிறகு ராயல் விக்டோரியா கண்-காது மருத்துவமனையில் இடம் கிடைத்தது, அங்கும் முதல் பெண் உறைவிட மருத்துவர். 1909இல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஃபெல்லோ. ராத்மைன்ஸில் பெல்கிரேவ் ரோடு 9ஆம் எண் வீட்டில் தனியாகவும் நோயாளிகளைப் பார்த்தார்.

நன்கொடை ஆஸ்பத்திரியை விட்டால் இருந்தது டிஸ்பென்சரி வேலை. 1851ஆம் வருடச் சட்டம் நாட்டை டிஸ்பென்சரி வட்டாரங்களாகப் பிரித்து, ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க வட்டாரத்துக்கு ஒரு டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்தது. அந்த டாக்டரை நியமிக்கும் அதிகாரம் ஏழைகள் நலச் சட்டப்படி அமைந்த உள்ளூர்க் காப்பாளர்கள் கையில். காப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வரி கட்டுவோர். ஒரு பெண் காப்பாளராக நிற்கலாம் என்ற சட்டமே 1896இல்தான் வந்தது. 1898இல் வட்டார மன்றங்களும் 1911இல் மாவட்ட மன்றங்களும் திறந்தன.

வாக்குரிமையை நாம் பெரும்பாலும் மானப் பிரச்சினையாகவே பேசுகிறோம். மானமும்தான். ஆனால் ஒரு பெண் டாக்டருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. வாக்கு இல்லையென்றால் குழுவில் இடம் இல்லை, குழுவில் இடம் இல்லையென்றால் வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லை. அன்னா ஹாஸ்லமும் அவர் கணவர் தாமஸும் 1876இல் ஆரம்பித்த டப்ளின் வாக்குரிமைச் சங்கம் நாடாளுமன்ற வாக்கை மட்டுமல்ல, இந்த உள்ளாட்சிப் பதவிகளையும் விடாமல் துரத்தியது. லின் 1903இலிருந்து அதன் செயற்குழுவில் இருந்தார். பிறகு இங்கிலாந்தில் எமலைன் பாங்க்ஹர்ஸ்ட் நடத்திய, கல்லெறியத் தயங்காத வாக்குரிமை அணியிலும் சேர்ந்தார்.

1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தாரை வேலைக்கு விடாமல் செய்த கதவடைப்பின்போது, சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தில் வேலை செய்தார். அந்த வருடம் நடந்த வீட்டு வசதி விசாரணை டப்ளினில் 20,108 குடும்பங்கள் ஒற்றை அறையில் வசித்ததாகக் கணக்கெடுத்தது. லின் தொழிலாளர்களின் ஆயுதப் படையான ஐரிஷ் குடிமக்கள் படையின் தலைமை மருத்துவர் ஆனது, 1916 ஏப்ரல் 24 அன்று நகர மண்டபத்தில் இருந்தது, தளபதி ஷான் கொனலி சுடப்பட்டு விழுந்தபின் மூத்த அதிகாரியாகச் சரணடைந்தது எல்லாம் கட்டுரையிலேயே விரிவாக எழுதியிருக்கவேண்டிய விஷயங்கள். இங்கே சொல்லவேண்டியது, அதோடு கண் ஆஸ்பத்திரி வேலை போயிற்று என்பதைத்தான்.

1918 அக்டோபர் கடைசியில் மறுபடி கைதானார். ஊரெங்கும் இன்ஃப்ளூயென்சா. டப்ளின் மேயர் தலையிட்டு, நோயாளிகளைப் பார்ப்பதற்காக அவரை விடுவிக்கச் செய்தார். லின் அப்போது மற்றவர்களுக்கு ஒரு தடுப்பூசி போட்டார், அதில் அவருக்கு உறுதியான நம்பிக்கையும் இருந்தது. இதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மனித இன்ஃப்ளூயென்சா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதே 1933இல்தான். அன்றைய தடுப்பூசிகள் எல்லாம் பாக்டீரியாவைக் கொன்று செய்தவை. வைரஸை அவை தடுத்திருக்க வழியில்லை. காய்ச்சலுக்குப் பின்னால் வரும் நிமோனியாவை ஓரளவு தணித்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால், போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்களைத் தனிமைப்படுத்தச் சொன்னாரே, அது சரியான யோசனை. அவர்கள் கொண்டுவரும் பால்வினை நோய் பிறக்கும் குழந்தைகளைத் தாக்கும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி யோசனை அங்கேதான் முளைத்தது.

1919 மே 29. சார்ல்மான்ட் தெரு 37ஆம் எண், பாழடைந்த பழைய வீடு. கையில் 70 பவுண்டு, குழந்தைக் கட்டில் இரண்டு. லின்னும் அவருடைய வாழ்நாள் தோழி மாடலின் ஃபிரெஞ்ச்-மல்லனும் புனித உல்டன் மருத்துவமனையை அப்படித்தான் திறந்தார்கள். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்.

ஏன் ஒரு வயது? ஏழைக் குழந்தை அதிகம் செத்தது அந்த வயதில், பெரும்பாலும் கோடைகால வயிற்றுப்போக்கில். ஒற்றை அறைக் குடும்பத்தின் பால் புழங்கிய வழியைப் பாருங்கள். பால் திறந்த கேனில் தெருவழியே வரும். தண்ணீர்க் குழாய் முற்றத்தில், பல குடும்பங்களுக்குப் பொது. பக்கத்திலேயே கழிப்பறை, எங்கும் ஈ. தாய் வேலைக்குப் போகிறாள், அதனால் புட்டிப்பால். அந்தக் காலத்தில் மலிவாகக் கிடைத்த புட்டி ஒன்று: கண்ணாடிக் குப்பியிலிருந்து நீளமான ரப்பர் குழாய், அதன் முனையில் காம்பு. குழந்தை படுத்தபடியே தானாகக் குடித்துக்கொள்ளும் என்பதால் தாய்க்குச் சௌகரியம். குழாயின் உட்புறத்தை எந்தத் தூரிகையாலும் தேய்க்க முடியாது. ஒட்டிய பால் புளித்துப் போகும், அடுத்த முறை ஊற்றிய புதுப் பாலும் கெடும். இரண்டு முனையும் திறந்த படகு வடிவப் புட்டி வந்தபின்தான் உள்ளே தூரிகை விட்டுக் கழுவி, கொதிநீரில் போட முடிந்தது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான்: ஒரு நாள் பாலை நிறுத்து, கொதித்து ஆறிய நீரைச் சிறிது சிறிதாகக் கொடு, உச்சிக்குழி அமுங்கியிருந்தால் தொடையில் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்று, பிறகு நீர் கலந்த பால், நாளுக்கு நாள் கொஞ்சம் கெட்டியாக. அவசரப்பட்டு முழுப்பாலுக்குப் போனால் போக்கு திரும்பும். பயந்துகொண்டு நீரிலேயே நாட்கணக்கில் வைத்தால் பட்டினியில் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு மணிக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து எடையும் மலமும் குறித்துக்கொண்டிருக்கும் ஆள் வேண்டும். அதனால்தான் அங்கே செவிலியர் பணியே வைத்தியமாக இருந்தது, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித் தாய்க்குக் கற்பிப்பதும் வைத்தியமாக இருந்தது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. ‘மூலை’ என்று சொன்னீர்கள். ஒருவர் நம்மை ஒதுக்குவதும், நியமன அதிகாரம் நம் கையில் இருக்க நாமே ஓரிடத்தைக் கட்டுவதும் ஒன்றல்ல. அடிலெய்டில் லின்னுக்கு மறுக்கப்பட்டதை உல்டனில் அவர் இளைய பெண் டாக்டர்களுக்குக் கொடுத்தார். டோரதி ஸ்டாப்ஃபோர்ட் பிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். கார்க் மாவட்டத்துக் கில்பிரிட்டனில் டிஸ்பென்சரி டாக்டராக இருந்தவர், உல்டனுக்கு வந்து குழந்தைக் காசநோயில் இறங்கினார். 1930இல் ஜெர்மனியின் லூபெக்கில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பு மருந்தில் வீரியமுள்ள கிருமி கலந்துபோய் 72 குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்தத் தடுப்பூசியின் பேரைச் சொன்னாலே டாக்டர்கள் பின்வாங்கிய காலம். பிரைஸ் ஜெர்மன் படித்து, ஸ்வீடனில் குழந்தை மருத்துவர் வால்கிரன் செய்த முறையை நேரில் பார்த்து, 1937இல் உல்டனில் போட்டார். அயர்லாந்தில் அதுதான் முதல் பி.சி.ஜி.

அந்த முறையில் ஊசியைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்வதுதான் கஷ்டம். முதலில், காசநோய்க் கிருமி ஏற்கெனவே தொற்றியிருக்கிறதா என்று காட்டும் டியூபர்குலின் சோதனை. ஏற்கெனவே தொற்றியிருந்தால் பி.சி.ஜி. போட்ட இடம் வேகமாகப் புண்ணாகும், பலனும் இல்லை. தொற்று இல்லாத குழந்தைக்கு மட்டும் தோலுக்குள் ஊசி. ஆழமாகப் போனால் சீழ்க்கட்டி. நோயெதிர்ப்பு வர ஆறு வாரமாவது ஆகும், அதுவரை காசநோயுள்ள தாய், தகப்பனிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும். அந்த இடைவெளியில் தொற்றினால் பழி தடுப்பூசிமேல் விழும். பிறகு மறுபடி டியூபர்குலின், ஊசி பிடித்ததா என்று பார்க்க. மருந்தோ உயிருள்ளது, குறுகிய ஆயுள், கடல் தாண்டி வரவேண்டும். இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் வரத்து நின்றது. 1949இல் தேசிய பி.சி.ஜி. திட்டம் தொடங்கியபோது அதன் மையம் உல்டன் ஆஸ்பத்திரியிலேயே அமைந்தது. குழந்தை வார்டு என்பதால் சின்ன வேலை என்று எப்படிச் சொல்வது?

தோல்வியும் உண்டு. ஹார்கோர்ட் தெருவின் தேசியக் குழந்தைகள் மருத்துவமனையோடு இணைத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்ட 1930களில் திட்டம் போட்டார்கள். டப்ளின் பேராயர் எட்வர்ட் பர்ன் எதிர்த்தார். கத்தோலிக்கக் குழந்தைகள் புராட்டஸ்டன்ட் கை மேலோங்கிய ஆஸ்பத்திரியில் இருப்பதா என்பது அவர் தரப்பு. திட்டம் படுத்துவிட்டது. உல்டன் சிறியதாகவே நின்று, 1984இல் மூடியது. மருத்துவக் காரணம் ஒன்றுமில்லாமல் நடந்த இந்த நஷ்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாக்கு வந்தபின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1918இல் முப்பது வயதுக்கு மேல் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு, 1922இல் பிரிட்டனிலிருந்து பிரிந்த அயர்லாந்து சுதந்திர அரசின் சாசனப்படி 21 வயதான எல்லாப் பெண்களுக்கும், பிரிட்டனுக்கு ஆறு வருடம் முன்னதாகவே. 1923இல் லின் ஜெயித்தார். பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த தம் சின் ஃபெய்ன் கட்சியின் முடிவுப்படி சபைக்குப் போகவில்லை, 1927இல் தோற்றார். அதே 1927இல் பெண்களை ஜூரியிலிருந்து ஏறத்தாழ ஒதுக்கும் சட்டம் வந்தது. கல்யாணமான பெண்ணுக்கு அரசு வேலை இல்லை என்ற விதி 1973 வரை நீடித்தது. பிரைஸ் கல்யாணமானவர். உல்டனில் அவர் வேலைக்கு ஒரு பங்கமும் வரவில்லை. சபைக்குப் போகாதது சரியா என்று நீங்கள் கேட்டால், தவறு என்பேன், அந்தச் சட்டங்கள் வந்த நேரத்தில் அவர் உள்ளே இருந்திருக்கவேண்டும். ஆஸ்பத்திரியை விடாமல் பிடித்துக்கொண்டது சரி.

முத்துலட்சுமி ரெட்டியோடு ஒப்பிடுவது பற்றி: லின் ஆயுதம் தாங்கிய படையின் டாக்டர், சபையைப் புறக்கணித்தவர். முத்துலட்சுமி சபைக்குள் போய்ச் சட்டத்தை மாற்றியவர். ஒருவரை மற்றவரின் பேரால் அழைத்தால் இருவருமே மங்கிவிடுவார்கள். ஆனால் நடுவே நிஜமான ஒரு கண்ணி இருக்கிறது. 1908இல் டப்ளினில் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமை லீகைத் தொடங்கிய மார்கரெட் கசின்ஸ், ஜன்னல் உடைத்துச் சிறைக்குப் போனவர், 1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்களித்தபோது அந்தச் சங்கத்தின் உழைப்பு அதில் இருந்தது. முத்துலட்சுமியைச் சட்டசபைக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தியதும் அந்தச் சங்கமும் கசின்ஸும்தான். கசின்ஸைப் பற்றி அடுத்த வாரம் தனியாக எழுதுகிறேன்.

லின்னின் 1916 முதல் 1955 வரையிலான நாட்குறிப்புகள் டப்ளினில் அயர்லாந்து மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்