மதுர் ஜாஃப்ரி: அடுப்படிக்குப் போன நடிகையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் 'ஷேக்ஸ்பியர் வாலா' பார்த்தேன். சசி கபூருக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன், ஆனால் மனதில் நின்றது மஞ்சுளாவாக வரும் மதுர் ஜாஃப்ரி. யார் இவர் என்று தேடினால் சமையல் புத்தகங்களாகக் கொட்டுகிறது. நியூயார்க்கில் ஓட்டல் முதலாளி என்றுகூட ஓரிடத்தில் இருந்தது. பெர்லினில் விருது வாங்கியவர் கடைசியில் அடுப்படிக்குத்தானா போக வேண்டும்? அவருடைய வேறு எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

க.

அன்புள்ள க.,

முதலில் ஓட்டல் விஷயத்தை முடித்துவிடலாம். அது மன்ஹாட்டனில் 58ஆவது தெருவில் 1986இல் திறந்த 'தாவத்'. அவர் அங்கே முதலாளியாக இருக்கவில்லை, ஆலோசகராக இருந்தார். என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பது அவர் பொறுப்பாக இருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நியூயார்க்கில் நல்ல இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஓர் ஓட்டல் பெயரும் இல்லை. வீட்டுக்கே கூப்பிட்டார். கூப்பிட்டு மாளவில்லை. 1973இல் வந்த அவருடைய முதல் சமையல் புத்தகம் அப்படிப் பிறந்ததுதான்.

சரி, உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். சினிமாவிலிருந்து சமையலுக்கு இறங்கிவந்தார் என்று நினைக்கிறீர்கள். அவர் பெயரோடு சமையல் ஒட்டிக்கொண்டதே சினிமா விளம்பரத்தால்தான். 'ஷேக்ஸ்பியர் வாலா' அமெரிக்காவில் ஓட வேண்டும். தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் கையில் காசு இல்லாவிட்டாலும் வாய் உண்டு. நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த கிரெய்க் கிளெய்பார்னைப் பிடித்தார். 1966இல் 'சமைக்கவும் தெரிந்த நடிகை' என்று அந்தப் பத்திரிகையில் மதுர் ஜாஃப்ரியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படத்துக்கு ஆள் சேர்க்கப் போட்ட தூண்டிலில் வேறொரு வாழ்க்கையே வந்து மாட்டியது.

இத்தனைக்கும் அவருக்குச் சமைக்கத் தெரியாது. 1933இல் டெல்லியில் வசதியான கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர், சமையல்கட்டுக்கு ஆள் இருந்த வீடு. பள்ளியில் சொல்லிக்கொடுத்த சமையலோ வெள்ளைக்காரர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியக் களி வகையறா. இருபத்திரண்டு வயதில் நடிப்புப் படிக்க லண்டனின் ராடா நாடகப் பள்ளிக்குப் போனார். அங்கே உணவகத்தில் போட்ட சாம்பல் நிறத்து மாட்டிறைச்சியும் தண்ணீராய் வெந்த முட்டைக்கோசும் தொண்டையில் இறங்கவில்லை. அம்மாவுக்கு எழுதினார். அம்மா விமானத் தபாலில், இந்தியில், சுருக்கமான குறிப்புகளாகப் பதில் அனுப்பினார். சமைத்துப் பழகிய ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வதுபோல இரண்டு மூன்று வரிதான். மற்றதை நாக்கின் நினைவை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இலேயே வந்துவிட்டது. கல்யாணமாகி வேற்றூர் போகிற பெண்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போன புத்தகம் அது. மதுருக்கு அந்த இடத்தில் அம்மாவின் தபால்கள்.

மஞ்சுளாவுக்குத் திரும்புவோம், அதைப் பேசாமல் விட மனமில்லை. ஆங்கில நாடகக் குழு 'ஒதெல்லோ' நடத்திக்கொண்டிருக்கிறது. பம்பாய் சினிமா நட்சத்திரமான மஞ்சுளா தாமதமாக வருகிறாள். ஜனம் மேடையை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் திரும்புகிறது. சசி கபூரின் காதலுக்குத் தனக்குப் போட்டியாக ஒரு வெள்ளைக்காரப் பெண் இருக்கிறாள் என்று தெரிந்துதான் அவள் வந்திருக்கிறாள். கத்துவதில்லை, அழுவதில்லை. உட்கார்ந்திருப்பதே போதும், நாடகம் சரிந்துவிடுகிறது. இந்த பம்பாய் நட்சத்திரமாக நடித்தவர் அதுவரை ஒரு பம்பாய்ப் படத்திலும் தலைகாட்டியதில்லை. 1965இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது நியாயம்தான்.

அதற்கப்புறம்தான் உங்கள் கோபத்துக்கு இடம் இருக்கிறது. விருது வந்தது, வேடம் வரவில்லை. நியூயார்க்கில் ஓர் இந்திய நடிகைக்கு அன்று என்ன வேடம் எழுதுவார்கள்? நடிகர் சயீத் ஜாஃப்ரியுடனான மணவாழ்க்கையும் முறிந்துவிட்டது. மூன்று பெண் குழந்தைகளும் கொஞ்ச காலம் டெல்லியில் தாத்தா பாட்டி பொறுப்பில் வளர்ந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியதில் வந்த பணம் அவருக்குத் தேவைப்பட்டது. உணவைப் பற்றி எழுதக் கேட்டார்கள், எழுதினார். அவரை அடுப்படிக்கு யாரும் விரட்டவில்லை. கதவைத் திறக்காமல் இருந்தது சினிமா. குறை சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் வீணாய்ப் போனார் என்று மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. 1982இல் பிபிசியில் அவர் நடத்திய சமையல் தொடரின் பழைய துணுக்குகள் கிடைத்தால் பாருங்கள். கேமராவோடு எப்படிப் பேசுவது என்று அறிந்த ஒருவர், ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்னால் அது எங்கே, யாரால் சாப்பிடப்படுகிறது என்று ஒரு குட்டிக் கதை சொல்லிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுகிறார். அவர் கொத்தமல்லி போட்ட கோழி செய்துகாட்டிய மறுநாள் மான்செஸ்டர் கடைகளில் கொத்தமல்லி தீர்ந்துபோனதாகச் சொல்வார்கள். வெறும் சமையல்காரர் செய்துகாட்டியிருந்தால் இது நடந்திருக்குமா, சந்தேகம்தான். ராடாவில் கற்றதெல்லாம் அங்கே வேலை செய்கிறது. அவரும் எப்போதும் தன்னை நடிகை என்றுதான் சொல்லிக்கொண்டார். 2022இல் பத்மபூஷண் சமையலுக்காக வந்தபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை. 2019இல், எண்பத்தைந்து வயதில், ஒரு ராப் பாட்டு வீடியோவில் கெட்டவார்த்தை பேசும் பாட்டியாக வந்து கலக்கினார். சமையல் ராணி என்ற மரியாதையைக் காப்பாற்ற நினைக்கும் ஆள் அதைச் செய்திருக்க மாட்டார்.

அடுத்த படம் கேட்டிருந்தீர்கள். 'ஆட்டோபயகிராபி ஆஃப் எ பிரின்சஸ்' (1975) பாருங்கள், ஒரு மணி நேரம்தான். லண்டன் வீட்டில் முன்னாள் சமஸ்தானத்து இளவரசி ஒருத்தி, அப்பாவிடம் வேலை பார்த்த வெள்ளைக்காரரோடு தேநீர் குடித்தபடி பழைய படச்சுருள்களைப் போட்டுப் பார்க்கிறாள். அப்பாவின் புகழை அவள் பேசப் பேச, அந்த வெள்ளைக்காரராக வரும் ஜேம்ஸ் மேசன் மெல்ல மெல்ல வேறொரு மனிதரை ஞாபகப்படுத்திக்கொண்டே வருகிறார். அதைக் காதில் வாங்காமலிருக்க மதுர் படும் பாட்டைக் கவனியுங்கள். அது பிடித்தால் டெபோரா கெர்ருடன் அவர் நடித்த 'தி அஸாம் கார்டன்' (1985). 'காட்டன் மேரி'யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.