பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

கேள்வி: மாடியில் 12 பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். தென்னை நார்த்தூளோடு கொஞ்சம் மண்புழு உரம் கலந்து நிரப்பினேன். ஒரு மாதம் நன்றாக வளர்ந்த செடிகளில் இப்போது அடியிலைகள் முழுசாக மஞ்சளாகின்றன. நுனி பச்சையாகத்தான் இருக்கிறது. கடையில் 480 ரூபாய்க்கு ஒரு ‘வளர்ச்சி டானிக்’ தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பாட்டிலைத் திருப்பி, எந்தச் சத்து எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் 480 ரூபாய் கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதுதான்.

செடி எருவை அப்படியே தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த உப்புகளாகத்தான் வேர் சத்தை உறிஞ்சுகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் பெரும்பாலும் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ கரைந்திருக்க வேண்டும். மண்புழு உரத்தில் இருப்பதை நுண்ணுயிர்கள் சிதைத்து அந்த நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேர் ஓட இடம் கொடுக்கும். தழைச்சத்துக்கு அதை நம்ப முடியாது. அதனால் பசித்த செடி முதிர்ந்த இலையிலிருந்து தழைச்சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. உங்கள் அடியிலை மஞ்சளாவது அதனால்தான் என்று நினைக்கிறேன். கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு வைத்தியம் வேறு.

சரி, எதை வாங்குவது? நீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு கிலோ போதும். அந்த மூன்று எண்களும் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளின் சதவீதம். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, ஈரமான பையில் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். ஒரு கிலோவுக்கு 500 லிட்டர் கரைசல் வரும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, விலையும் குறைவுதான். ஆனால் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டால் வேர் கருகிவிடும். ரசாயன உரம் வேண்டாம் என்றால் கடலைப்புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம். பலன் கொஞ்சம் தாமதமாகத் தெரியும்.

பிரித்துக் கட்டிய பொட்டலம் வாங்காதீர்கள். உர மூட்டையில் சத்து விகிதத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை. பில்லும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்தால் உப்பு தேங்குகிறது என்று அர்த்தம். ஒரு வாரம் உரத்தை நிறுத்தி, அடியில் வழியும்வரை வெறும் தண்ணீர் விடுங்கள். மஞ்சளான இலை பழையபடி பச்சையாகாது. புதிதாக வரும் இலையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.