குழந்தை ஆணா பெண்ணா தெளிவாகவில்லை: திருமுழுக்குக்குத் தடை உண்டா?

கேள்வி: பிறந்து பத்து நாளான எங்கள் குழந்தையின் பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். யாரோ செய்த பாவம் என்கிறார் மாமியார். வளர்ந்தால் ஓரினச்சேர்க்கையில் போய் முடியும், இப்போதே ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார் கணவரின் அண்ணன். திருமுழுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன் ஓர் அவசர வேலை இருக்கிறது. இந்த நிலைக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, சி.ஏ.எச். என்னும் அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. அதன் கடுமையான வகையில், பிறந்த முதல் மூன்று வாரத்துக்குள் உடலின் உப்பு சிறுநீரில் போய்விடும். பால் குடிக்க மறுப்பது, வாந்தி, எடை இறங்குவது, துவண்டு கிடப்பது என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் குழந்தை இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. ரத்தத்தில் 17-ஓ.எச்.பி. (சி.ஏ.எச்.சைக் காட்டிக்கொடுக்கும் ஹார்மோன்), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை நான்கையும் பார்த்துவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். குரோமோசோம் பரிசோதனை முடிவு வர நாளாகும். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. சி.ஏ.எச். என்று உறுதியானால், அட்ரினல் சுரக்காத ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து ஆயுள் முழுக்கத் தேவை. காய்ச்சல் வரும் நாட்களில் எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியில் மருந்து தங்காவிட்டால் ஊசிக்காக உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை தேறிவிட்டது என்று வீட்டில் மருந்தை நிறுத்துவதுதான் பெரும் ஆபத்து.

இனி திருமுழுக்கு. பிறந்த முதல் வாரங்களிலேயே கொடுக்கும்படி திருச்சபைச் சட்டம் 867 பெற்றோரைக் கேட்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் தாமதமே கூடாது. பதிவேட்டில் எவற்றை எழுத வேண்டும் என்று சட்டம் 877 சொல்கிறது: பெயர், கொடுத்தவர், பெற்றோர், ஞானப்பெற்றோர், சாட்சிகள், இடம், தேதி, பிறந்த நாள், பிறந்த ஊர். பாலினம் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பங்கின் பதிவேட்டில் மகன், மகள் என்று கட்டம் இருந்தால் அதை இப்போதைக்குக் காலியாக விடும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அருள், ஜோதி, அன்பு போன்ற பெயர்கள் எப்படி வளர்ந்தாலும் பொருந்தும். அரசுப் பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் பெயரில்லாமலே செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம்.

ஆபரேஷனுக்கு அவசரப்படவே வேண்டாம். சிறு வயதில் வெட்டித் தைத்த இடத்தில் தழும்பும் உணர்ச்சி இழப்பும் வரலாம். நாம் பெண்ணாக்கிய பிள்ளை தன்னை ஆணாக உணர்ந்தால் வெட்டியதைத் திருப்பித் தர முடியாது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சையைத் தடை செய்தது. மனித மாண்பு பற்றி வத்திக்கான் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆவணமும் பிறப்பிலேயே இப்படி உள்ளவர்கள் மருத்துவ உதவி பெறலாம் என்கிறதே தவிர, உடனே வெட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

மாமியாரிடம் யோவான் 9-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, பாவம் செய்தது இவரா இவர் பெற்றோரா என்று சீடர்கள் கேட்க, இருவருமில்லை என்கிறார் இயேசு. மத்தேயு 19:12-இல் தாய் வயிற்றிலிருந்தே அண்ணகராய் (ஆண்மையற்றவராய்)ப் பிறப்பவர்களைப் பற்றிப் பேசும்போதும் அவர் குற்றம் சொல்லவில்லை. சி.ஏ.எச். என்றால், தாய் தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த மரபணு சேர்ந்ததால் வந்தது. அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

கணவரின் அண்ணன் சொல்வது வேறு விஷயம். பிறந்த உடலமைப்பும், பின்னாளில் யார்மேல் ஈர்ப்பு வரும் என்பதும் வெவ்வேறு. ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது. ஆபரேஷனால் ஈர்ப்பு மாறுவதும் இல்லை. ஓரினச்சேர்க்கைச் செயல்களைத் திருச்சபை ஏற்பதில்லை, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லும் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2358-ஆம் பத்தியில், அந்த ஈர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. பெரியவர்களுக்கே அப்படியென்றால், பத்து நாள் குழந்தையை முன்கூட்டியே தீர்ப்பிட யாருக்கும் உரிமையில்லை.

பங்குத்தந்தைக்கும் ஞானப்பெற்றோருக்கும் மட்டும் விவரம் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வருபவர்களிடம் "நல்லா இருக்கு, சிகிச்சை நடக்குது" என்று சொல்லுங்கள். குளிப்பாட்டுவதையும் துணி மாற்றுவதையும் கொஞ்ச காலம் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.