நிலத்தை அடகு வைக்காதீர்கள். பையன் மாட்டிய அந்த நாலு ஒயரைப் பாருங்கள்

நாமக்கல் பக்கத்திலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வந்த குடும்பம். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பையன் அரசு பாலிடெக்னிக்கில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) டிப்ளமோவை நல்ல மார்க்கோடு முடித்திருக்கிறான். அடுத்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர வேண்டும். கவுன்சலிங்கில் அரசு கல்லூரி இ.சி.இ. கிடைக்கிற மார்க்தான். ஆனால் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தாய்மாமன், "இ.சி.இ. எல்லாம் முடிஞ்சு போன கதை, எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிடுங்க" என்று போனுக்குப் போன் சொல்கிறார். தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் கோட்டா, விடுதியோடு மூன்று வருடத்துக்கு ஒன்பது லட்சம். இருக்கிற ஒன்றரை ஏக்கரை அடகு வைக்கலாமா என்பது அப்பாவின் கேள்வி.

வைக்கக்கூடாது, அண்ணா. "யோசித்துச் செய்யுங்கள்", "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஆறுதல் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் நேரில் சொன்னதையே இன்னும் விளக்கமாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும்.

முதலில் பணக் கணக்கு. ஒன்பது லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைக்க வேண்டுமானால் மாதத் தவணை ஏறக்குறைய 15,000 ரூபாய். படிப்பு முடியும் வரை வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. முதல் வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் வெளியூர் வாடகை, சாப்பாடு போக அந்தத் தவணையைக் கட்டச் சொன்னால், இருபத்திரண்டு வயதுப் பையன் எந்த வேலை வந்தாலும் தலையை நீட்டுவான். பிடித்த வேலைக்காக நாலு மாதம் காத்திருக்கும் தெம்பை நீங்களே அவனிடமிருந்து பிடுங்கிவிடுவீர்கள். கோட்டா சீட்டில் போனால் அரசு தரும் முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. அது கவுன்சலிங்கில் சேருகிறவர்களுக்குத்தான்.

மாமா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து நிலவரத்தைச் சொல்கிறார். 2024-25 கல்வியாண்டிலிருந்து, நன்றாகச் செயல்படும் கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கல்லூரிகள் எந்தப் பிரிவில் இடத்தைக் கூட்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நெரிசலில் ஒன்பது லட்சம் கட்டி நிற்க வேண்டிய அவசியம் உங்கள் பையனுக்கு இல்லை. பேங்க் பரீட்சை, டி.என்.பி.எஸ்.சி., சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் என்று உறவினர்கள் சொல்லும் மற்ற வழிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் பேச விரும்புவது அவன் டிப்ளமோ கடைசி வருடத்தில் செய்த புராஜெக்ட்டைப் பற்றி. "ஏதோ கேபிள் மாட்டினானுங்க" என்று நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போனீர்கள். அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எஃப்.பி.ஜி.ஏ. என்று ஒரு வகை லாஜிக் சிப் உண்டு. பெரும்பாலான சிப்புகள் ஃபேக்டரியிலேயே இன்ன வேலைக்கு என்று முடிவாகி வருகின்றன. இதன் உள்ளே இருக்கும் இணைப்புகளையோ நாமே எழுதி, வேண்டிய சர்க்யூட்டாக மாற்றிக்கொள்ளலாம். அழித்துத் திரும்ப எழுதலாம். 1985-இல் சைலிங்ஸ் கம்பெனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்தக் கம்பெனி ஏ.எம்.டி. என்ற பெரிய சிப் கம்பெனியின் கையில் இருக்கிறது. டெலிகாம் கருவி, ரேடார், ஸ்கேன் இயந்திரம், செயற்கைக்கோள் என்று பலவற்றிலும் இந்த வகைச் சிப் இருக்கிறது. புதிதாக ஒரு பிராசஸர் வடிவமைக்கிறவர்கள், கோடிக்கணக்கில் செலவழித்து அதை அச்சடிக்கும் முன்பு பெரும்பாலும் எஃப்.பி.ஜி.ஏ.வில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசஸரையும் இப்படி எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றி ஓட்டலாம்.

இந்தச் சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் வாசலுக்கு ஜேடேக் என்று பெயர். 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரநிலையாக வந்தது. நாலே நாலு சிக்னல்: டி.சி.கே., டி.எம்.எஸ்., டி.டி.ஐ., டி.டி.ஓ. முதலாவது தாளம் போடுகிறது, இரண்டாவது எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது, மூன்றாவது வழியாகத் தரவு உள்ளே போகிறது, நாலாவது வழியாக வெளியே வருகிறது. வழக்கமாக யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைப்பார்கள். அப்படியானால் போர்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருந்தாக வேண்டும்.

இவர்கள் பாலிடெக்னிக்கில் ஆர்ட்டிக்ஸ்-7 என்ற சைலிங்ஸ் எஃப்.பி.ஜி.ஏ. சிப் வைத்த போர்டு ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். சாயங்காலம் லேபைப் பூட்டிவிடுவார்கள். போர்டை லேபிலேயே நெட்வொர்க்கில் போட்டுவிட்டால் விடுதியிலிருந்தே எல்லோரும் பயன்படுத்தலாமே என்று உங்கள் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்த யோசனையே பெரிதாகப் பட்டது. மார்க் லிஸ்டில் இது வராது.

கம்பெனிகளிலும் இதே தேவைதான். போர்டு லேபில் இருக்கும், எஞ்சினியர் வேறு மாடியிலோ வேறு ஊரிலோ இருப்பார். அதற்காகவே நெட்வொர்க்கில் இணையும் கேபிள்கள் உண்டு. ஏ.எம்.டி. பக்கம் ஸ்மார்ட்லிங்க், எஃப்.பி.ஜி.ஏ. செய்யும் இன்னொரு கம்பெனியான ஆல்டெரா பக்கம் ஈதர்நெட் பிளாஸ்டர். ஸ்மார்ட்லிங்க் ஒரு சின்னப் பெட்டி. ஈதர்நெட் ஒயரைச் செருகினால் ஐ.பி. முகவரியைத் தன் திரையிலேயே காட்டும். சைலிங்ஸ் சிப்புகளுக்கான விவாடோ மென்பொருளில் ரிமோட் சர்வர் என்று தேர்ந்தெடுத்து, அந்த முகவரியையும் 3121 என்ற போர்ட் எண்ணையும் (நெட்வொர்க்கில் அந்தச் சேவையின் வாசல் எண்) கொடுத்தால் சிப் கண்ணுக்குத் தெரியும். ஆல்டெரா ஜேடேக் சர்வருக்குப் போர்ட் எண் 1309. இந்தப் பெட்டி வாங்கக் காசில்லாத லேபில், யு.எஸ்.பி. கேபிள் மாட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஹார்டுவேர் சர்வர் என்ற புரோகிராமை ஓடவிட்டால் அதே வேலை நடக்கும்.

பையன் எடுத்தது மூன்றாவது வழி. சைலிங்ஸ் விர்ச்சுவல் கேபிள் என்று, கருவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் ஒரு திறந்த நெறிமுறை (புரோட்டோகால்) இருக்கிறது. மொத்தமே மூன்று கட்டளை: நீ யார் என்று கேட்பது, தாளத்தின் வேகத்தை வைப்பது, பிட்டுகளைத் தள்ளி வருவதை வாங்குவது. அதைப் பேசும் சர்வரை ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரில் போட்டு, அதன் பின்களிலிருந்து போர்டின் ஜேடேக் பின்களுக்கு ஒயர் இழுத்து, 2542 என்ற போர்ட்டில் விவாடோவோடு பேசவைத்திருக்கிறான்.

எப்படி மாட்டினாய் என்று கேட்டேன். ஒரு பேப்பரை வாங்கிப் படம் போட்டான். முதல் கோடு சிக்னல் ஒயர் இல்லை. "முதல்ல கிரவுண்டு மாட்டோணுங்க சார், அப்புறந்தான் மத்த நாலும்." அடுத்து, போர்டின் ஜேடேக் பின் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததைச் சொன்னான். ராஸ்பெர்ரி பையின் பின் 3.3 வோல்ட். எதிரே 1.8 வோல்ட் பின் இருந்து தெரியாமல் நேரே மாட்டினால் சிப் போய்விடக்கூடும். கடையில் வாங்கும் கேபிள்களில் போர்டின் வோல்டேஜை உணர்ந்துகொள்ள தனிப் பின்னே இருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் அது இல்லை, மாட்டுகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை ஓட்டியபோது சிப்பின் அடையாள எண்ணைக் கேட்டால் எல்லாப் பிட்டும் ஒன்றாகவே வந்திருக்கிறது. சைலிங்ஸ் சிப் என்றால் அந்த எண் 093 என்று முடிய வேண்டும். எல்லாமே ஒன்று, அல்லது எல்லாமே சுழி என்று வந்தால் சிப் பேசவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் டி.டி.ஓ. ஒயரில் கோளாறு, அல்லது போர்டுக்கே கரண்ட் போகவில்லை. இவன் டி.டி.ஐ.யையும் டி.டி.ஓ.வையும் மாற்றி மாட்டியிருந்தான். சரிசெய்ததும் எண் வந்தது, ஆனால் புரோகிராம் ஏற்றும்போது பாதியில் பிழை. ஒயர் நீளம் அதிகம், தாளம் வேகம். ஒயரை வெட்டிச் சின்னதாக்கி, வேகத்தைக் குறைத்ததும் பிழை நின்றுவிட்டது.

அடுத்த நாள் வேறு தலைவலி. லேபில் கரண்ட் போய்த் திரும்பியதும் விடுதியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை. ராஸ்பெர்ரி பைக்கு ரவுட்டர் புது ஐ.பி. கொடுத்துவிட்டது. லேப் பொறுப்பாளரிடம் கேட்டு அந்தக் கருவிக்கு நிலையான முகவரி ஒதுக்கவைத்திருக்கிறான். பிங் போகிறது, அதாவது கருவி பதில் சொல்கிறது, ஆனால் 2542-இல் இணைப்பு ஆகவில்லை என்றால் நெட்வொர்க்கைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும் என்பதும் அப்படியே பழக்கமானது. இன்னொன்றும் சொன்னான். சிப்பில் ஏற்றியது கரண்ட் போனால் போய்விடும். நிலைத்து நிற்க வேண்டுமானால் போர்டில் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியில் எழுத வேண்டும்.

நான் ஒன்று கேட்டேன்: "இதை நேரா இன்டர்நெட்ல திறந்து விட்டா வீட்டிலிருந்தே போடலாமே?" உடனே தலையாட்டி மறுத்தான். இந்த நெறிமுறையில் பாஸ்வேர்டே கிடையாது, முகவரி தெரிந்த எவனும் சிப்பை அழித்து எழுதிவிடலாம், வெளியிலிருந்து வருவதானால் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாகத்தான் வர வேண்டும் என்றான். யாரும் சொல்லித்தரவில்லையாம், தானே படித்துத் தெரிந்துகொண்டானாம்.

அண்ணா, மின்சாரம் தெரிந்தவர்களுக்கு நெட்வொர்க் தெரியாது. நெட்வொர்க் தெரிந்தவர்கள் மல்டிமீட்டரைத் தொடமாட்டார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் இரண்டு பக்கமும் வரமாட்டார்கள். சிப் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் வேலிடேஷன் லேபிலும், அச்சடிக்கும் முன்பே எஃப்.பி.ஜி.ஏ.வில் ஓட்டிப் பார்க்கும் புரோட்டோடைப்பிங் குழுவிலும், போர்டு டெஸ்டிங்கிலும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள்தான் வேண்டும். நீங்கள் பட்டறையில் வெல்டு எங்கே விட்டிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்வீர்களே, அந்தக் கை அவனுக்கு இதில் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகள் எண்ணிக்கையில் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லை. பெங்களூர், ஹைதராபாத், சென்னை என்று சில ஊர்களில்தான் இருக்கின்றன. சிப் வடிவமைப்பில் நேரே சேர வேண்டுமானால் பல கம்பெனிகள் எம்.டெக். கேட்கின்றன. அதற்கும் கடன் வேண்டியதில்லை. கேட் பரீட்சையில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். படிப்புக்குப் பணம் கட்டுவதற்குப் பதில் படிக்கவே பணம் வருகிற வழி அது. மூன்றாம் வருடத்திலிருந்தே தயாராகச் சொல்லுங்கள்.

அதுவரை அவனுக்குத் தேவையான செலவு சின்னது. கவுன்சலிங்கில் கிடைக்கும் அரசு கல்லூரி இ.சி.இ. போதும். சிப்புக்கான சர்க்யூட்டை எழுதும் வெரிலாக் மொழியை என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களே இலவசமாக நடத்துகிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக் கட்டணம். டேங் நானோ மாதிரி சின்ன எஃப்.பி.ஜி.ஏ. போர்டு சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. விவாடோவின் இலவசப் பதிப்பே ஆர்ட்டிக்ஸ்-7க்குப் போதும். பிறந்தநாளுக்கு மாமா ஏதாவது வாங்கித்தர நினைத்தால் அந்தப் போர்டை வாங்கித்தரச் சொல்லுங்கள்.

நான் இவ்வளவு சொன்னதும், "அப்போ சிப் டிசைனுக்கு வி.எல்.எஸ்.ஐ. கோச்சிங்னு லட்சக்கணக்குல வாங்கறாங்களே, அதுல சேத்திரலாமுங்களா?" என்று கேட்டீர்கள். அதுவும் வேண்டாம். நூறு சதவீதம் வேலை உறுதி என்று விளம்பரப் பலகை மாட்டியிருக்கும் எந்த இடத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கோட்டா சீட்டுக்குச் சொன்ன அதே கணக்குதான் இதற்கும். வேலை உறுதி என்றால் சம்பளம் வந்தபிறகு கட்டுகிறேன் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்த அறையில் நீங்களும் நானும், ஸ்பீக்கரில் மாமாவும் பேசினோம். பையனிடம் நான் கேட்ட பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். கேபிளைப் பற்றிப் பேசும்போது இருந்த குரல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிக் கேட்டபோது இல்லை. ஆனாலும் முடிவை நான் சொல்லிவிட முடியாது. நாளைக்கு அவனே, "இல்லப்பா, எனக்கு சாஃப்ட்வேர்தான் பிடிச்சிருக்கு" என்றால் கவுன்சலிங்கில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸை எடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பத்திரம் மட்டும் வீட்டு பீரோவிலிருந்து வெளியே வரக்கூடாது. மாமா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியவை: டிப்ளமோ மார்க் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றீர்கள். அப்படியானால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள், வர நாளாகும். விருப்பக் கல்லூரிப் பட்டியலை அவனே எழுதட்டும். எழுதி முடித்ததும் அவனை மட்டும் ஒருநாள் தனியாக என்னிடம் அனுப்புங்கள். ஒவ்வொரு கல்லூரியின் லேபிலும் என்னென்ன போர்டு இருக்கிறது என்று நேரில் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.