பத்தாவது வந்தால் கபடியை நிறுத்தணுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி கபடி அணியில் ரெய்டு போகிறாள், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். அடுத்த வருஷம் பத்தாவது, இத்தோடு போதும் என்கிறார் அவள் அப்பா. வெயிலில் கறுத்துவிட்டாள், அரை டவுசர் போடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் வேறு. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: நிறுத்தாதீர்கள். பரீட்சைக்கு முந்தைய இரண்டு மாதம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளட்டும், அது நியாயம். வருஷம் முழுக்க நிறுத்தினால் அந்த ஒன்றரை மணி நேரமும் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? பாதி போனுக்குப் போகும், மீதி வீட்டு வேலைக்கு. (பள்ளியிலேயே பி.இ.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவதும் திருப்பித் தராததும் நமக்குத் தெரிந்த கதைதான்.) ஒரு வருஷம் விட்டவள் திரும்பி வருவதும் கஷ்டம், அதற்குள் அவள் இடத்தில் இன்னொருத்தி ஆடிக்கொண்டிருப்பாள்.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று நொறுக்கித் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைக் கேப்டன் அவர். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர், அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கிருப்பவர்கள் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பெருமையான விஷயம்தான். ஆனாலும் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டி வாதாடாதீர்கள். அப்புறம் பதக்கம் வந்தால்தான் பெண் ஆடலாம் என்றாகிவிடும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதைச் சொல்லுங்கள், ஆனால் பள்ளி அளவில் ஆடிய எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், பதக்கமும் வேலையும் வராமலே போனாலும் ஆடணும். கபடியில் பிடிபட்டால் வெளியே போய் உட்காரணும், தன் அணிக்காரி ஒருத்தி எதிராளியை அவுட்டாக்கினால்தான் மறுபடி உள்ளே வரலாம். போன நிமிஷம் பாயின்ட்டை விட்டுவிட்டு வந்தவளை, முணுமுணுத்துக்கொண்டாவது, இன்னொருத்தி மீட்டுக் கொண்டுவந்தே ஆகணும். பிடிக்கும்போதும் அப்படித்தான், கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்பவள் காலைப் பிடித்ததும் கவரில், அதாவது உள்பக்கம், இருப்பவள் அந்த நொடியே மேலே விழுந்து அமுக்கவில்லை என்றால் ரெய்டு வந்தவள் நடுக்கோட்டைத் தொட்டுத் தப்பித்துவிடுவாள். இதற்கெல்லாம் கத்தணும். மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி என்றே கேட்டு வளர்கிற பதினாலு வயதுப் பெண்ணிடம் ‘ஏன்டி கத்தல?’ என்று கேட்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

டவுசருக்குள் முட்டியை மூடும் டைட்ஸ் போட்டு ஆடுகிற பெண்கள் நிறைய, மண் தரையில் சிராய்ப்பும் குறையும். கறுத்ததற்குப் பதிலே சொல்ல வேண்டாம். இன்னொன்று, அவள் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது? உங்கள் தலையில் மட்டும் என்றால் இது ரொம்ப நாள் ஓடாது. வீட்டில் பையன் இருந்தால் அவனும் பாத்திரம் கழுவட்டும்.

கேள்வி: பீரியட்ஸ் நாளில் ஆடலாமா? பாட்டி கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார். எனக்குச் சீக்கிரம் மூச்சும் வாங்குகிறது. வயது 15.
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: தாராளமாக ஆடலாம்மா. பாட்டி சொல்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வலி அதிகமென்றால் அன்று உட்கார், அது உன் முடிவு. மூச்சு வாங்குவதைத்தான் நான் கவனிப்பேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள். பள்ளியில் வாரா வாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசாதே. மூன்று மாதம் பீரியட்ஸ் வராமலே இருந்தால் டாக்டரைப் பார்.

கேள்வி: மகளை வெளியூர்ப் போட்டிக்கு மூன்று நாள் கூப்பிடுகிறார்கள். அனுப்பப் பயமாக இருக்கிறது. எப்படி மறுப்பது?
– ஒரு தந்தை, அரியலூர்

பதில்: மறுப்பதற்கு முன்னால் பள்ளியில் கேளுங்கள். கூடப் போகும் ஆசிரியை யார்? எங்கே தங்குகிறார்கள், அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை எங்கே? கோச் எந்தப் பெண்ணையாவது தனியாக அறைக்குக் கூப்பிடுவது, ராத்திரி மெசேஜ் அனுப்புவது எல்லாம் கூடாது என்பது அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறதா? ஒழுங்கான பள்ளி இதற்குக் கோபப்படாது. கோபப்பட்டால் அனுப்ப வேண்டாம். மகளிடமும் பேசுங்கள், ஏதாவது நடந்தால் உன்னை விளையாட்டை விட்டு நிறுத்த மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் வாயே திறப்பதில்லை. 1098, குழந்தைகள் உதவி எண், அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

முடிந்தால் ஒரு நாள் நீங்களும் போய் ஆட்டத்தைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே நின்று கோச் வேலை மட்டும் பார்க்காதீர்கள்.