இடமில்லை என்று எடுத்த இரண்டு பெயர்கள்

கேள்வி: நான் மதுரைப் பெண். இப்போது அடிலெய்டில் இருக்கிறேன். கணவரின் முன்னோர்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள். 1848-ல் பாய்மரக் கப்பலில் தென் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, இங்குள்ள பர்ரா செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். மே மாதம் மூன்டா ஊரில் நடக்கும் கார்னிஷ் (கார்ன்வால் வம்சாவளியினர்) விழாவுக்காகக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். டைப் செய்வது நான்தான். கணவர் பெயர் முதலில் வர வேண்டுமா, மூத்தவரான நாத்தனார் பெயரா என்று சண்டை வந்து இருவருக்கும் பேச்சே இல்லை. வம்சாவளியை ஒரே பக்கத்தில் அடக்கக் கப்பலில் இறந்துபோன இரண்டு குழந்தைகளைக்கூட எடுத்துவிட்டேன். அப்படியும் சண்டை தீரவில்லை. நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: மூத்தவர் பெயர் முதலில். சரி, அது முடிந்தது. குடும்பப் புத்தகம் போடும் வீடுகளில் எல்லாம் வருகிற சண்டைதான்.

என்னை உறுத்துவது அந்த ‘எடுத்துவிட்டேன்’. யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், “பெத்தது ஏழு, தங்கினது நாலு” என்பார்கள் நம் பாட்டிகள். தங்காததையும் சேர்த்துத்தான் கணக்கு. மதுரையில் வளர்ந்த உங்களுக்கா இது தெரியாது?

அந்தத் தாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலனியில் நிலம் விற்ற பணத்தில் தொழிலாளர்களுக்கு இலவசப் பயணம் கொடுத்த காலம் அது. மூன்று நான்கு மாதம் கடல். கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை, நல்ல காற்று கிடையாது. அம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் முதலில் போவது சின்னக் குழந்தைகள். கித்தானில் வைத்துத் தைத்து, கனம் கட்டி, ஜெபம் சொல்லிக் கடலில் இறக்கிவிடுவார்கள். இரண்டை அப்படிக் கொடுத்துவிட்டுக் கரையேறியவள், அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் போய்ப் பர்ராவில் சேர்ந்தாள். அங்கே வீடுகள் போதவில்லை. 1851-ல் ஏறக்குறைய 1,800 பேர் ஓடைக்கரையைக் குடைந்து, அந்தக் குழிகளில் குடித்தனம் நடத்தினார்கள். வெள்ளம் வந்து அதையும் அடித்துப்போனது. உங்கள் கணவர் இன்று இருப்பது இப்படிப்பட்டவள் மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்ததால்.

பர்ராவில் இறந்தவர்களுக்காவது கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரு பிடி மண்கூடக் கிடைக்கவில்லை. பெயர் தங்க ஒரே இடம் காகிதம். அதிலும் நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்.

அவர்களுக்குச் சந்ததி இல்லையே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அப்படிப் பார்த்தால் பிள்ளையில்லாத அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் எந்த வீட்டிலும் இடமிருக்காது. மருமகளாகப் போன வீட்டின் செத்தவர்களும் உங்கள் பொறுப்புதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கப்பல் மருத்துவர்கள் பயணத்தில் நடந்த பிறப்பு, இறப்புகளை எழுதிக் கொடுத்த தாள்கள் பல, தென் ஆஸ்திரேலிய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணவரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள். வயதும் இறந்த தேதியும் கிடைத்தால் பெயருக்குப் பக்கத்திலேயே சேருங்கள். பக்கம் போதாவிட்டால் உங்கள் குடும்ப போட்டோவைச் சிறிதாக்குங்கள். அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள்.